சப்ஸ்டன்ஸ் டிசைனரில் செங்கல் சுவர்: ஹைட், நார்மல் முடிந்தது

3டி பரப்புகளுக்கான படங்களை உருவாக்கும் சப்ஸ்டன்ஸ் டிசைனரில் செங்கல் சுவர் ஒருவழியாக எழும்பிவிட்டது. ஹைட் (மேடுபள்ளம்), நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது) இரண்டு படமும் தயார், ரஃப்னஸ் (சொரசொரப்பு) பாக்கி. 3டி வியூவில் டெஸலேஷனை (பரப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதை) கூட்டிப் பார்த்தால் காரையை விட்டுக் கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. வரிசைக்கு ஒன்றிரண்டு கல் லேசாகச் சாய்ந்து, மூலை உதிர்ந்து, அசல் சூளைக் கல்தான். இவ்வளவு நன்றாக வந்ததில் ரொம்ப சந்தோஷம்.

கல்லை அடுக்க டைல் ஜெனரேட்டர், கல்லுக்குக் கல் வேறுபடுத்த ஃபிளட் ஃபில், ஓரத்தை உதிர்க்க ஸ்லோப் ப்ளர், எல்லாம் வழக்கமான வழிதான். எனக்குக் கை கொடுத்தது ஒரே ஒரு விஷயம்: நோடை (கிராஃப் என்ற இணைப்பு வரைபடத்தில் ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) ஒரு தடவை கிளிக் செய்தால் அதன் அளவுகள் பிராப்பர்ட்டீஸில் வரும், இரண்டு தடவை கிளிக் செய்தால்தான் அதன் படம் 2டி வியூவுக்கு வரும். ஆக, திருகுவது ஒரு நோடை, பார்ப்பது இன்னொன்றை என்று வைத்துக்கொள்ளலாம்.

கிராஃபின் வலது கோடியில் இருக்கும் நார்மலை டபுள் கிளிக் செய்து 2டி வியூவில் நிறுத்தினேன். அப்புறம் இடது கோடிக்குப் போய், ஸ்லோப் ப்ளருக்குள் போகும் பெர்லின் நாய்ஸை ஒரே கிளிக். அதன் ஸ்கேலை நகர்த்த நகர்த்த, கல்லின் ஓரம் எப்படி உதிர்கிறது என்பது நார்மலிலேயே தெரிகிறது. நாய்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் சாம்பல் மேகம். எது போதும், எது அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2019-இல் அடோபி வாங்குவதற்கு முன், இதை உருவாக்கிய அல்லெகோரித்மிக் நிறுவனத்தின் காலத்தில் வந்த வீடியோக்களிலும் இதே பழக்கம்தான். பழையது என்று ஒதுக்காமல் பாருங்கள்.

கிராஃபில் வெற்றிடத்தை டபுள் கிளிக் செய்தால் கிராஃபின் சொந்த அளவுகள் வரும். அவுட்புட் ஃபார்மேட்டை 16 பிட் ஆக்கியது அங்கேதான். 8 பிட்டில் சாம்பல் நிறத்துக்கு 256 படிதான். சாய்ந்த கல்லின் சரிவு அதில் ஒரு சின்னப் பங்கை வைத்துக்கொண்டு கல் முழுக்கப் பரவ வேண்டும். நார்மலில் மாடிப்படி மாதிரி கோடு விழாமல் என்ன செய்யும்? இன்புட் உள்ள நோடுகள் பெரும்பாலும், நடுவில் சின்னப் புள்ளி வைத்த இன்புட்டைப் பார்த்தே தங்கள் பிட் அளவை எடுத்துக்கொள்ளும். கோடு விழுந்தால் அந்த வழியே பின்னோக்கிப் போங்கள், எங்கே 8 பிட் ஆகிறது என்பது அகப்படும்.

நோடுகளின் பட்டியல் இருக்கும் லைப்ரரியை மூடிவிட்டேன். கிராஃபில் ஸ்பேஸ் பாரைத் தட்டி இரண்டெழுத்து அடித்தால் நோட் வந்துவிடுகிறது. 3டி வியூவுக்கு வேறு என்விரான்மென்ட் மேப் (சுற்றுப்புற வெளிச்சம் தரும் படம்) இழுத்துப் போட மட்டும் லைப்ரரி வேண்டும். 2டி வியூவைக் கழற்றி இரண்டாவது மானிட்டரில் போட்டிருக்கிறேன். மானிட்டர் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழசு, ஐபிஎஸ் பேனல். பழசு வாங்கப் போகிறவர்கள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் ஒரு கிரேடியன்ட் படத்தைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். இருட்டுப் பக்கம் வித்தியாசம் தெரியாமல் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டால் வேண்டாம் என்று வந்துவிடலாம்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குக் கொண்டுபோகிறவர்கள் நார்மல் நோடில் டைரக்ட்எக்ஸை ஓபன்ஜிஎல் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பச்சை சேனல் தலைகீழாகி, கல் குழிந்தும் காரை புடைத்தும் தெரியும்.

ரஃப்னஸ் முடியவில்லை, அதற்குள் மனசு செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் போய்விட்டது. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ண சிமென்ட் ஊற்றிக் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம் என்பதால் அந்த வழவழப்பு. ஹைட்டில் வேலை மிகக் குறைவு. எல்லாம் பேஸ் கலரும் ரஃப்னஸும்தான். அச்சை எடுத்ததும் இரண்டு நிறம் சேரும் விளிம்பு லேசாக நெளியும். அதற்குப் படத்தை ஒரு பக்கமாக நெளிக்கும் டைரக்ஷனல் வார்ப் போதுமா, நிறங்களைப் பிரிக்கும் கறுப்பு வெள்ளை மாஸ்க்கையே ஸ்லோப் ப்ளரில் விட வேண்டுமா என்று இரண்டையும் செய்து பார்க்கப் போகிறேன். மாஸ்க்குக்கான பூ வடிவத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரையத் தொடங்கியாயிற்று.