கவுன்சில் டாக்ஸும் தம்பியின் குடியுரிமையும்

தம்பி பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். ஆங்கிலத் தேர்வு, பிரிட்டன் பற்றிய 'லைஃப் இன் த யூகே' தேர்வு எல்லாம் முடித்துவிட்டான். "கவுன்சில் டாக்ஸ் பாக்கி ஏதும் உண்டா?" என்று கேட்டேன்; உள்ளாட்சி மன்றத்துக்கு வீட்டுக்காகக் கட்டும் வரி அது. "வாடகை வீடுதானே அக்கா, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்றான்.

ஊரில் அப்படித்தான். இங்கிலாந்தில் முழு வீட்டை வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். அறை அறையாக விடும் வீடுகளில்தான் பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. வீட்டு ஏஜென்ட் இதை அவனிடம் சொல்லவே இல்லையாம். வாடகையை மட்டும் தேதி தவறாமல் வாங்கத் தெரியும்!

குடியுரிமைக்கு 'நன்னடத்தை' பார்ப்பார்கள்; அதில் பண விவகாரமும் அடக்கம். வரி பாக்கி நின்றால் முதலில் நினைவூட்டல், அப்புறம் அந்த ஆண்டின் மீதித் தொகை மொத்தமும் கேட்பார்கள், கடைசியில் மாஜிஸ்திரேட் நீதிமன்ற சம்மன். பாக்கிக்காக நீதிமன்றம் போடும் உத்தரவு குற்றத் தண்டனை ஆகாது. சரி, அதற்காக உள்துறையிடம் மறைக்கவும் கூடாது.

நல்லவேளை, சம்மன் எதுவும் வரவில்லை. தனியாக இருப்பதால் 25% தள்ளுபடிக்கும் எழுதிப்போட்டிருக்கிறான். பாக்கியைத் தீர்த்து, ரசீதை எடுத்து வைத்த பிறகுதான் விண்ணப்பம் என்று சொல்லிவிட்டேன்.