இடப்பக்க சன்னல்

காலை ஏழரை மணிக்கு மெல்போர்னில் சுற்றுலா வண்டிக் கதவைத் திறந்ததும் என் காதில் விழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கடல் எந்தப் பக்கம் வரும்?"

இடப்பக்கம். இங்கே சாலையின் இடது ஓரமாக ஓட்டுகிறோம். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையோரமாகப் போகிற கிரேட் ஓஷன் ரோட்டில் மேற்கு நோக்கிப் போகும்போது கடலும் இடப்பக்கமே வரும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து சன்னலைப் பிடித்துவிடுவார்கள். தெரியாமல் வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வழியெல்லாம் பாறைச் சுவரும் யூகலிப்டஸ் மரமும்தான். அதனால் நடுவில் இடம் மாறிக்கொள்ளச் சொல்வது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்போலோ பே என்ற ஊரில் நிறுத்தும்போது மாற்றிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நியாயம் போலத் தெரியும், ஆனால் நியாயம் இல்லை. அப்போலோ பே தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே மலைக் காட்டுக்குள் ஏறிவிடும். கடலை ஒட்டியே போகிற அருமையான பகுதி, அதற்கு முன்னால் வரும் லோர்ன் என்ற ஊருக்கும் அப்போலோ பேக்கும் நடுவில் இருக்கிறது. இப்போதெல்லாம் லோர்னிலேயே மாற்றச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. இங்கே வண்டி ஓட்டுவதும் நான்தான், கைடும் நான்தான். காதோரம் மைக், கையில் ஸ்டியரிங், பின்னால் இருபத்திரண்டு பேர், போகவர ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வழக்கமான விதிப்படி ஓட்டுநர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடக் கணக்கு உண்டு. காலையில் பத்து நிமிடம் தாராளமாகச் செலவழித்தால் மாலையில் அதை எங்கிருந்தாவது பிடுங்க வேண்டும். எங்கிருந்து பிடுங்குகிறோம் என்பதில்தான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

சேர்ந்த புதிதில் இந்தச் சாலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். டோர்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்ட் வரை 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள், போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாகப் போட்ட சாலை. 1919இல் தொடங்கி 1932இல் முடிந்தது. திட்டத்தை முன்னின்று நடத்திய ஜீலாங் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக், திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பு, 1932 ஆகஸ்டில் இறந்துபோனார். விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய காரை ஓட்டிப் போனார்கள். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை லேசாக அடைக்கும்.

அவ்வளவு நல்ல கதைகள் கையில் இருந்தால் யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே நிற்கிற நினைவு வளைவில் எல்லாரையும் இறக்கி நிற்கவைத்து, 1983 பிப்ரவரி காட்டுத்தீயில் முந்தைய வளைவு எரிந்துபோன கதையைச் சொல்வேன். லோர்னில் இன்னொரு கதை. கென்னட் ரிவரில் கோவாலாவைத் தேடி எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நான் பேசிக்கொண்டே இருப்பேன். அது ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்குகிற பிராணி. அதன் கீழே நின்று இப்படிச் சத்தம் போடலாமா என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் அப்படிப் பேசிப் பேசியே, கடலில் தூண் தூணாக நிற்கிற ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளுக்கு வெகு தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்துமிடம் சாலைக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாகச் சாலைக்கு அடியில் போய், பலகைப் பாதையில் நடந்துதான் கடல் விளிம்புக்குப் போக வேண்டும். நல்லபடி நடக்கிறவருக்கே பத்து நிமிடம் ஆகும். நான் கொடுத்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். "மூன்று நாற்பதுக்கு வண்டி கிளம்பும், தயவுசெய்து தாமதிக்காதீர்கள்" என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மூத்த தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா கைத்தடி வைத்திருந்தார். மூன்றரைக்கே அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்து, "அதற்குள் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம். எங்களால் வண்டி தாமதமாகக் கூடாது இல்லையா? பரவாயில்லை, தூரத்தில் ஒரு பாறை தெரிந்தது" என்றார் அந்த அம்மா, சிரித்த முகத்தோடு.

குறை சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தார்கள், இதற்காக எத்தனை வருடம் சேர்த்துவைத்தார்கள், மறுபடி வர முடியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டது நான்தான். கோலாக் வழியாக வீடு திரும்பும் இருட்டில், கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரும் தோளில் சாய்ந்து தூங்குவது தெரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரமே நோட்டை எடுத்துப் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். மிச்சத்தை எங்கே சொல்வது என்று மாற்றி அமைத்துக்கொண்டேன். இப்போது எல்லாக் கதையும் வண்டிக்குள்தான், அதுவும் நேர்ச்சாலையில் போகும்போது. கதவு திறந்துவிட்டால், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கழிப்பறை எங்கே என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் இடையே வண்டிக்குள்ளும் பேச்சு இல்லை. அங்கே வளைவுக்கு மேல் வளைவு, எதிரே வருகிறவர் வாடகைக் காரில் புதிதாக இடப்பக்கம் ஓட்டுகிறவராக இருக்கலாம். என் கவனம் முழுக்கச் சாலையில் இருந்தாக வேண்டும். தலைசுற்றல் வரக்கூடியவர்களை முன்னாலேயே என் பக்கத்து வரிசைக்கு வரச் சொல்லி, போனைப் பார்க்காமல் தூரத்து வளைவைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் மைக்கை அணைத்துவிடுவேன். முதல் தடவை அப்படிச் செய்தபோது, வேலையில் ஏதோ குறை வைக்கிறோமோ என்று பயந்தேன். ஐந்து நிமிடத்தில் வண்டிக்குள் ஒரு அமைதி வந்தது. தூக்க அமைதி இல்லை அது. கண்ணாடியில் பார்த்தால் அத்தனை முகமும் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

மூன்று வருடம் முன்பு ஒரு குளிர்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மகளோடு ஏறினார். எழுபத்தைந்து வயது இருக்கும். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். என் பெயரைச் சட்டையில் பார்த்ததும், "தம்பி தமிழா?" என்று கேட்டு முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜீலாங் தாண்டும் வரை நான் சாலை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மகள் மெதுவாக அவருக்கு மொழிபெயர்த்தபடி வந்தார். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரை வண்டி, வெடிமருந்து, இவ்வளவுதான் கருவிகள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூலி எவ்வளவு குடுத்தாங்க?"

"எட்டு மணி நேர வேலைக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், ஐயா."

"தங்குறதுக்கு?"

"கூடாரம்தான். முகாமில் பியானோ, கிராமபோன் எல்லாம் வைத்திருந்தார்களாம்."

அதற்கு அவர் தலையை ஆட்டினார். "வச்சுத்தான் ஆகணும். போர்ல இருந்து வந்த பையன் ராத்திரி எப்படித் தூங்குவான்?" என்றார். சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பியானோவைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அது எதற்காக இருந்திருக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

லோர்ன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒதுங்க இடம் இருக்கும் ஒரு முனையில் நிறுத்தினேன். காற்று ஆளைத் தள்ளியது. கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. எல்லாரும் வேலியோரம் கடலைப் பார்த்து நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக நின்ற பாறைச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மப்ளரைக் காதோடு இறுக்கிப் பிடித்திருந்தார். சாலையைக் கடந்துவிடப் போகிறாரோ என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். "இவ்வளவு நேரம் வண்டி ஆடிக்கிட்டே வந்துதே, ஏன்னு பாத்தேன். மெஷின் வச்சிருக்கறவன் நேரா வெட்டிட்டுப் போயிடுவான். கையால வெட்டுறவன் மலை எங்க விட்டுக் குடுக்குதோ அங்கதான் போவான். ஒவ்வொரு வளைவுலயும் ஒரு மேஸ்திரி நின்னு, இதுக்கு மேல முடியாதுன்னு பாத்திருக்கான் தம்பி."

அதன்பிறகு வந்த வளைவுகளில் நான் ஸ்டியரிங் ஒடித்தது வேறு மாதிரி இருந்தது. எதிர்வண்டி, வேகம், பயணிகளின் வயிறு என்று மட்டும் கணக்குப் போட்டு ஓட்டிய கை, அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்று யோசித்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு, காட்டைத் தாண்டும்போது, லாக் ஆர்ட் கப்பலின் கதையைச் சொன்னேன். 1878 ஜூன் 1, விடிவதற்கு முன்பு, இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த கப்பல் கரையோரத் தீவுப் பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர்: டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண். டாம் கரை சேர்ந்த பிறகு, தண்ணீரில் ஈவாவின் குரல் கேட்டு மறுபடி நீந்திப் போய் இழுத்து வந்தார். கூட வந்த பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் அந்தப் பெண் மொத்தமாக இழந்தாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது, அவள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் சொல்லி முடித்துவிடுவேன். அப்புறம் அந்தக் குறுகலான மலையிடுக்கில் படியிறங்கி மணலில் நிற்கும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த சுண்ணாம்புச் சுவர், நடுவே சின்னதாக ஒரு வாசல், அதன் வழியாக வந்து போகும் தண்ணீர். குழந்தைகள்கூடக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளுக்கு இப்போது நான் ஒதுக்கும் நேரம் ஒரு மணிக்குக் குறைவதில்லை. எங்கே நேரம் போனாலும் இங்கே கை வைப்பதில்லை. பெயரில்தான் பன்னிரண்டு, இந்தப் பெயரை வைத்த காலத்தில் நின்றது ஒன்பது. 2005 ஜூலை 3ஆம் தேதி காலையில் ஐம்பது மீட்டர் உயரப் பாறை ஒன்று அப்படியே சரிந்து கற்குவியலானது. மிச்சம் எட்டு. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டை வளைவுப் பாறையின் ஒரு பக்கம் 1990 ஜனவரியில் விழுந்தபோது, கடல் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். சுண்ணாம்புக் கல்லைக் கடல் அடியில் அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் ஓட்டுகிற காலத்திலேயே இன்னொன்று போகலாம். அதனால்தான் யாரும் பாதி வழியில் திரும்பக் கூடாது என்று இவ்வளவு பிடிவாதம். மெதுவாக நடப்பவர்களை முதலில் இறக்கிவிட்டு, "உங்களை விட்டுவிட்டு வண்டி போகாது" என்று தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

பெரியவரும் அன்றைக்கு மெதுவாகத்தான் நடந்தார். மகளின் கையைப் பிடித்தபடி கடைசி மேடை வரை போய்விட்டுக் கடைசி ஆளாக வந்தார். படியில் ஏறும்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

இரவு மெல்போர்னில் இறங்கும்போது, "நாளைக்கும் இதே ரோடுதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"போகும்போது அந்தச் சுவத்தை எனக்காக ஒரு தடவ பாரு" என்றார். காலையில் 'தம்பி, நீங்க' என்று ஆரம்பித்தவர். அந்த 'பாரு' எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் அதே முனையில் நிறுத்தினேன். எல்லாரும் வேலிப் பக்கம் போனார்கள். நான் கடலுக்கு முதுகைத் திருப்பி நின்றேன். வெயில் நேராகச் சுவரில் விழுந்திருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பாறைப் பிளவு ஒன்றில் மண் தங்கி, ஒரு சின்னப் புதர் வேர் விட்டிருந்தது. எட்டு நிமிடம் ஆனதும் ஒவ்வொருவராக வண்டிக்கு வர ஆரம்பித்தார்கள். எண்ணத் தொடங்கினேன்.