என்ன வேலை பார்த்தீர்கள்?

காலையில் கணினியைத் திறந்ததும் எனக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு பெயர்ப் பட்டியல். வயது, வீடு எத்தனை மைல் தூரம், என்ன வகை மறதி நோய், எப்போது கண்டுபிடித்தார்கள், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் இருப்பார். எல்லோரும் "ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால் வருகிறேன்" என்று தாமாகவே பெயர் கொடுத்தவர்கள். மதுரையில் நர்சிங் முடித்து, இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் வந்து, சில வருடம் வார்டில் ஓடியாடிவிட்டு, ஆராய்ச்சி நர்ஸ் வேலைக்கு மாறினேன். அன்றிலிருந்து இந்தப் பட்டியலோடுதான் என் பொழுது போகிறது.

இந்தப் பட்டியல் வரும் பதிவேட்டின் பெயர் ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச். டிமென்ஷியா என்றால் மறதி நோய். அரசின் நிதியில் இயங்கும் என்.ஐ.எச்.ஆர். என்ற ஆராய்ச்சி அமைப்பும், அல்சைமர் நோய்க்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2015இல் இதைத் தொடங்கினார்கள். 18 வயது நிரம்பிய யாரும் பெயர் கொடுக்கலாம். நோய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோய் இல்லாதவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுகிறார்கள். தன்னால் முடியாதவருக்காக மனைவியோ மகளோ பிரதிநிதியாக இருந்து பதியலாம். ஒவ்வோர் ஆய்வுக்கும் யார் சேரலாம், யார் கூடாது என்ற விதிகளை உள்ளே ஏற்றிவிட்டால், அந்த விதிகளுக்குப் பொருந்துகிறவர்கள் மட்டும் எங்கள் திரையில் வருவார்கள். அப்புறம் போனை எடுக்க வேண்டியது எங்கள் வேலை.

இதற்கு முன்னால் எப்படி ஆள் சேர்த்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறதி நோயைப் பரிசோதிக்கும் மெமரி கிளினிக் வாசலில் காத்துக் கிடப்பார்களாம். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்து, இவர் ஒத்துவருவார் என்று நினைத்து, மறக்காமல் ஒரு வார்த்தை சொன்னால்தான் உண்டு. டாக்டருக்கோ தலைக்கு மேல் வேலை. "இந்தக் குடும்பமே நொந்துபோய் இருக்கிறது, ஆராய்ச்சி என்று வேறு ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. அந்த நோயாளிக்கு இப்படி ஓர் ஆய்வு நடக்கிறது என்பதே காதில் விழாது. அப்போது பிரதமராக இருந்த டேவிட் கேமரன் 2012இல் டிமென்ஷியாவுக்கென்று ஒரு திட்டம் அறிவித்தார். நோயாளிகளில் பத்து சதவீதம் பேராவது ஆராய்ச்சியில் பங்கெடுக்க வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. டாக்டர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தால் அது நடக்கிற காரியமா?

பதிவேடு இந்த வரிசையை மாற்றிவிட்டது. கேட்கலாமா வேண்டாமா என்று நடுவில் ஒருவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. வரத் தயார் என்றவரையே நேராகக் கூப்பிடலாம். இதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று மனதார நம்புகிறேன். நோய் வந்துவிட்டது என்பதற்காக அவருடைய முடிவை இன்னொருவர் எடுக்கவில்லை.

ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் ஆய்வில் ஆள் சேர்வதும் ஒன்றல்ல. ஒரு மருந்து ஆய்வென்றால் திரையில் பெயர்கள் கொட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம் கழிவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் நிற்பார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள் என்றதும் சிலர் தயங்குவார்கள். பெரும்பாலான மருந்து ஆய்வுகளுக்குக் கூடவே ஒருவர் வர வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது நோயாளியோடு இருக்கிறவர், அவரிடம் தெரியும் மாற்றத்தைச் சொல்லக்கூடியவர். அப்படி யாரும் இல்லாமல் தனியாக வாழும் முதியவர் மற்ற எல்லாம் பொருந்தியும் அங்கேயே விடுபட்டுப் போவார். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். யாருமில்லை என்பதால்தான் பெயர் கொடுத்தேன் என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார்.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒருவர், அல்சைமர் ஆரம்ப கட்டம், விதிகள் எல்லாம் பொருந்தின. போனில் என் தாளில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் எங்காவது உலோகம் வைத்திருக்கிறார்களா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, குறுகிய இடத்தில் பயம் வருமா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். சரி என்று நாள் குறித்தேன். குறித்த நாளில் அவரும் மனைவியும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். நல்ல கோட், டை. ஒரு விசேஷத்துக்கு வருவது போல வந்திருந்தார்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ரேடியோகிராபர் தன் தாளை எடுத்தார். அதில் ஒரு கேள்வி: கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருக்கிறதா? அவர் இல்லையென்று தலையாட்டினார். மனைவிதான் நிமிர்ந்தார். "ஏன் இல்லை? கல்யாணமான புதிதில் ஒருநாள் பட்டறையிலிருந்து கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தீர்களே" என்றார். அவர் லேத் பிடித்தவர். கார் தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் செய்யும் பட்டறையில் ஆயுசின் பாதியைக் கழித்தவர். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. கண்ணுக்குள் இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைத்து இழுத்துவிடும், பார்வையே போகலாம். அந்த ஆய்வில் எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடியாது. அத்தோடு முடிந்தது.

எக்ஸ்ரே முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கையெழுத்துக்காக என் பேனாவைக் கொடுத்திருந்தேன். அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு என்றார். எங்கள் ஊர் ஆசாரிகள் பாஷையில் சொன்னால் மூன்று நூல். அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு அன்று காலையில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர்களை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். மனைவி ஒரு குறையும் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அவர் எதையும் மறைக்கவில்லை. உடம்பில் உலோகம் வைத்திருக்கிறார்களா என்றால் யாரும் வைக்கவில்லை, அது தானாக வந்து விழுந்தது. நான் கேட்ட விதத்தில் அதற்கு இடமே இல்லை. பதிவேட்டில் இருப்பது அவரவர் நிரப்பிய விவரம். நோய் என்ன, மாத்திரை என்ன என்று அதில் இருக்கும். ஐம்பது வருடம் அவர் என்ன செய்தார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

அன்று முதல் என் தாளில் முதல் கேள்வியாக "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று எழுதிக்கொண்டேன். உலோக வேலையா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன். அது வேறு பல கதவுகளைத் திறந்தது. மாத்திரைப் பெயர்களைக் கேட்டால் தடுமாறுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா போனில் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாகப் பேசினார். ஆய்வைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன். போனை வாங்கிய கணவர், இன்னும் ஐந்து நிமிடத்தில் யார் கூப்பிட்டது என்றே அவளுக்கு ஞாபகம் இருக்காது என்றார். குரல் அவருடைய தொழில், அது கடைசி வரை கூட வரும். அதை வைத்து மற்றதை எடை போடக் கூடாது என்று அன்று புரிந்தது. அதற்கப்புறம் போனில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் கடிதமாகவும் அனுப்புகிறேன், இரண்டாவது முறையும் கூப்பிடுகிறேன்.

வேகமும் எனக்குத் தெரியும். கொரோனா சமயத்தில் 2020 ஜூலையில் தடுப்பூசி ஆய்வுகளுக்கென்று இந்த நாட்டின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஒரு பதிவேடு திறந்தது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். நோவாவாக்ஸ் தடுப்பூசி ஆய்வுக்கு இந்த நாட்டில் 15,000 பேர் சில வாரங்களில் சேர்ந்தார்கள். மின்னஞ்சல் போன சற்று நேரத்தில் பதில் வரும். அந்த நாட்களில் மனிதர்கள் மேல் எனக்கு வந்த நம்பிக்கை இன்னும் குறையவில்லை. மறதி நோய்க்கான பட்டியல் அந்த வேகத்தில் ஓடாது, ஓடவும் கூடாது. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் அழுவார்கள். கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். நானும் திரும்பச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மதியத்தை நான் வேறொரு வேலைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பொருந்தவில்லை என்று விடுபட்டவர்களைக் கூப்பிடுவது. திரையில் அவர்கள் பெயருக்கு எதிரே நிலையை மாற்றிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அவர்கள் போன் மணி அடிக்கும் போதெல்லாம் ஆய்வுக்காரர்களாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இல்லை என்ற சொல்லுக்காவது அவர்களுக்கு உரிமை உண்டு. ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன். அடுத்த ஆய்வு எப்படிப்பட்டதாக இருந்தால் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன். லேத் பிடித்தவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன். சில மாதம் கழித்து, வீட்டிலேயே பேசிப் பதிவு செய்யும் ஓர் ஆய்வு வந்தது, ஸ்கேன் எதுவும் இல்லை. அதில் இருவரும் சேர்ந்தார்கள்.

எங்கள் பட்டியலில் தமிழ்ப் பெயர் கண்ணில் படுவதே அபூர்வம். இந்த ஊரிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, மறதியும் இருக்கிறது. நம் ஊரில் வயசானால் மறதி வராதா என்று விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தார் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். நோய் என்றே யாரும் சொல்வதில்லை. நோயே இல்லையென்றால் மெமரி கிளினிக்கும் இல்லை, பதிவேடும் இல்லை.

ஒருநாள் ஒரு தமிழ்ப் பெயர் வந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், மகள் பிரதிநிதியாகப் பதிந்திருந்தார். மகளிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் பெயரைக் கேட்டதும் "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றார். தாளின் முதல் கேள்வியைக் கேட்டேன். "அம்மா ரீச்சர். கணக்குப் படிப்பிச்சவ" என்றார். எங்கள் மருந்து ஆய்வில் நினைவாற்றல் தேர்வெல்லாம் ஆங்கிலத்தில். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. அந்த அம்மா தமிழில் கேட்டால் இன்றும் மூன்று படி இறங்குகிறார், ஆங்கிலத்தில் கேட்டால் பேசாமல் இருக்கிறார். மருந்து ஆய்வில் சேர்க்க முடியவில்லை. அதை மகளிடம் சொன்னபோது என் குரல் உடைந்தது.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள அனுமதி உள்ள இன்னோர் ஆய்வு இருந்தது, மருந்து கிடையாது. அதற்குள் அம்மாவுக்குத் தானே முடிவெடுக்கும் நிலை போயிருந்தது. இங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இப்படிப்பட்டவரை மருந்து கொடுக்காத ஆய்வில் சேர்க்கும்போது நெருங்கிய ஒருவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். அனுமதி கொடுப்பது அவர் வேலை அல்ல, நோயாளி என்ன விரும்பியிருப்பார் என்று சொல்வதுதான். மகளுக்கு அதைத்தான் நெடுநேரம் விளக்கினேன். "உங்களுக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. அம்மா தெளிவாக இருந்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஓமெண்டுதான் சொல்லியிருப்பா. ரியூசனுக்கு வாற பிள்ளையளிட்ட காசு வாங்காதவ. இதுக்கு மாட்டன் எண்டு சொல்லுவாவே?"

சேர்த்தோம். மூன்றாவது சந்திப்பு முடிந்து கிளம்பும்போது மகள் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, கோயிலில் ஆட்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள், நானே வருகிறேன் என்றேன். ஒரு சனிக்கிழமை பூசை முடிந்து அன்னதானம் நடக்கும் மண்டபத்தில் ஓர் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. ஒரு பெரியவர் வந்து, இது என்ன பிள்ளை என்றார். ஆராய்ச்சி என்று ஆரம்பிக்கவில்லை. ஐயா என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாழ்தேவி ஓடிய காலத்தில் ரயில்வேயில் இருந்தாராம். அவர் பேசப் பேசப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அன்று மூன்று பெயர்கள் பதிவாயின. அடுத்த மாதமும் மண்டபத்தில் இடம் கேட்டிருக்கிறேன்.