செமிகோலனில் முடியும் தமிழ்

போன மாதம் என் மடிக்கணினி படுத்துவிட்டது. தம்பி தன் பழைய கணினியைக் கொடுத்தான். அதில் இருந்தது உபுண்டு என்ற இயங்குதளம். நானோ பத்து ஆண்டுகளாக விண்டோஸில், திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடு வேலை பார்த்தவள்.

பார்வையற்றவர்களுக்குப் புதுக் கணினி முதலில் வெறும் மௌனம்தான். உள்ளே விசிறி ஓடும் ஓசை மட்டும் கேட்கும். ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். உபுண்டுவின் திரைவாசிப்பானான ஓர்கா பேசியது. என்விடிஏவில் கேட்டுப் பழகிய அதே ஈஸ்பீக் செயற்கைக் குரல்! வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் நம் தெருக்காரர் பெயர் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது.

விரல்கள்தான் தடுமாறின. ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசிக்க என்விடிஏவில் இன்சர்ட்டோடு கீழ் அம்பை அழுத்துவேன். ஓர்காவின் மடிக்கணினி அமைப்பில் கேப்ஸ் லாக்கோடு செமிகோலன். மேக் கணினியில் உள்ள வாய்ஸ் ஓவர் என்ற திரைவாசிப்பானுக்கு கன்ட்ரோல், ஆப்ஷன், ஏ. நல்லவேளை, இணையப் பக்கத்தில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ ஓர்காவிலும் எச் விசைதான்.

கல்லூரியில் படித்த காலத்தில், விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு திரைவாசிப்பானின் மாதிரிப் பதிப்பே எங்களுக்குக் கிடைத்தது. 40 நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும்; கணினியை அணைத்துப் போட வேண்டும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ இலவசம். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் நூலகக் கணினியில் ஓட்டிய முதல் நாள், மூடும் மணி அடிக்கும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.

எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் என்னை விடாமல் துரத்துவது பாமினி எழுத்துரு. கண்ணுக்கு அது தமிழ். கோப்புக்குள் இருப்பவையோ ஆங்கில விசைகள். 'தமிழ்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று வரும். அந்தச் செமிகோலன்தான் ழகரத்தின் புள்ளி! இதில் திரைவாசிப்பானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதைத்தானே அது படிக்க முடியும்? தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் தரும் யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் இப்படியே வருவது எனக்கு ஆறாத வருத்தம்.

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் தன் முதல் இயலைப் பாமினியில் அனுப்பியிருந்தார். அவரை அழைத்து, காதொலிப்பானை அவர் காதில் மாட்டி, ஒரு பக்கத்தை ஓடவிட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அம்மா, இதுவா நான் எழுதியது?" என்று மெல்லக் கேட்டார்.

நேற்று யூனிகோடில் மாற்றி அனுப்பிவிட்டார். தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, கேப்ஸ் லாக்கோடு செமிகோலனை அழுத்தினேன். மூன்றாம் வரியில் 'எடுத்து காட்டுகிறார்' என்று ஒற்றில்லாமல் காதில் விழுந்தது. அங்கேயே நிறுத்தி, ஒரு 'க்' சேர்த்தேன்.