தேர்தலை மாணவர்களே நடத்தும் வளாகம்

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) மாணவர் சங்கத் தேர்தலை நிர்வாகம் நடத்துவதில்லை. மாணவர்களே தேர்தல் குழு அமைத்து, வேட்புமனு வாங்கி, வாக்கு எண்ணி, முடிவை அறிவிக்கிறார்கள். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் விவாதிக்கும் இரவு ஒன்று உண்டு. எனக்கு அங்கே மிகவும் பிடித்த விஷயம் அதுதான். மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் பேச்சு வரும், நாட்டு அரசியலைப் பற்றியும் வரும். கூட்டம் நள்ளிரவு தாண்டியும் கலையாது.

இது சும்மா கிடைத்துவிடவில்லை. மாணவர் தேர்தல்களை எப்படி நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்த லிங்டோ குழுவின் விதிகளை மீறுவதாகச் சொல்லி 2008இல் உச்ச நீதிமன்றம் தேர்தலுக்குத் தடை போட்டது. அப்புறம் 2012 மார்ச்சில்தான் மீண்டும் வாக்குப்பதிவு. 2019இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது மாணவர்களைத் திரட்டித் தெருவுக்கு வந்தது இந்தச் சங்கம்தான். நிர்வாகம் உயர்வில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அது போதாது என்று போராட்டம் தொடர்ந்தது.

நம்மூரில் பல கல்லூரிகளில் வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியரே நியமிக்கிறார். ஆனால் கல்லூரிகள் பொதுவாகத் தேர்தல் நடத்தியே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அதே லிங்டோ குழு. பதினெட்டு வயதில் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் பிள்ளை, தன் விடுதிக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? உங்கள் கல்லூரியில் எப்படி? சொல்லுங்கள்.