பத்தொன்பதும் ஐந்து விரலும்: சல்போர்ட் நாட்குறிப்பு

7 ஆகஸ்ட் 2011, ஞாயிறு

ஆஸ்பத்திரி வார்ட்டில் இன்று முழுக்கக் கம்யூனிட்டி ஷீல்ட் காற்பந்தாட்டக் கதைதான். வெம்ப்ளியில் இடைவேளைக்கு மன்செஸ்டர் சிற்றி 2, மன்செஸ்டர் யுனைரட் 0. முடியும்போது யுனைரட் 3, சிற்றி 2. கடைசிக் கோல் மேலதிக நேரத்தில், நானி. போர்ட்டர் ஐயா நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியெல்லாம் அதே கதை. மே மாதம் யுனைரட் 19ஆவது லீக் கிண்ணம் எடுத்து லிவர்பூலின் 18ஐத் தாண்டிய நாளிலிருந்து அவர் எங்கள் லிவர்பூல்காரிக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை. "பத்தொன்பது" என்பார். அவள் மருந்து வண்டிலில் இருந்து தலையைத் தூக்காமலே ஐந்து விரலை விரித்துக் காட்டுவாள். ஐந்து ஐரோப்பியக் கிண்ணம்; யுனைரட்டிடம் மூன்றுதான். அதோடு இருவருக்கும் நாள் தொடங்கிவிடும்.

லண்டன் ரொட்டன்ஹாமில் நேற்றிரவு இரட்டைத் தட்டு பஸ் எரிந்தது. கம்பளக் கடை இருந்த பெரிய பழைய கட்டடம் எரிந்தது. வியாழக்கிழமை பொலிஸ் சுட்டுக் கொன்றவரின் சனம் நேற்று பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் மணிக்கணக்காய் நின்று பதில் கேட்டதாம். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் வரவில்லையாம்.

"அது லண்டன்" என்றார் போர்ட்டர் ஐயா. அவ்வளவுதான் சொன்னார். வேறு நாட்டில் நடப்பதைப்போல.

இவர், என் வீட்டுக்காரர், இரவு வேலைக்குப் போய்விட்டார்.

8 ஆகஸ்ட், திங்கள்

தம்பி போனை எடுக்கவில்லை.

இரவு 11.40. எடுத்துவிட்டான். தெற்கு லண்டனில், மேற்குக் குறொய்டன் லண்டன் ரோட்டில் அவன் நிற்கிற கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டதாம். ஷட்டரை இறக்கிப் பூட்டிப்போட்டுப் பின்பக்கத்தால் ஓடித் தோர்ன்டன் ஹீத்தில் சிநேகிதன் வீட்டில் நிற்கிறான். "ஒண்டும் இல்லை அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே மூச்சு வாங்குகிறான். ட்ராம் திரும்புகிற மூலையில் இருந்த றீவ்ஸ் தளபாடக் கடை முழுதாய் எரிகிறது. 1867இல் தொடங்கிய கடை. இரண்டு உலகப்போரிலும் தப்பியது. அந்த மூலைக்கே றீவ்ஸ் கோர்னர் என்றுதான் பெயர்.

ஹக்னியில் கிளாரன்ஸ் ரோட்டில் எங்கட ஆள் ஒருவரின் கடையைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். ரீவியில் வெறும் இறாக்கைகளைக் காட்டினார்கள்.

அம்மா கொழும்பில் இருந்து எடுத்தா. "திரும்பவும் ஆடிக் கலவரமோ பிள்ளை?" இல்லை அம்மா, இது அது இல்லை என்றேன். 83இல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்த்து வந்தார்கள். இங்கே சப்பாத்துக் கடையையும் ரீவிக் கடையையும் பார்த்துப் போகிறார்கள். அம்மாவுக்கு அந்த வித்தியாசத்தில் நம்பிக்கை இல்லை. எரிகிற கடை எரிகிற கடைதான் அவவுக்கு.

பேர்மிங்காமில் சிறுவர் ஆஸ்பத்திரிக்குள் ஆட்கள் புகுந்துவிட்டதாய் ருவிற்றரில் ஓடுகிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு நேரெதிரே பொலிஸ் நிலையம் இருக்கிறது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பொலிஸ் அதிகாரி ஒருவர் மறுத்து எழுத வேண்டி வந்தது. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இருந்து புலி தப்பி வீதியில் நடக்கிறது என்று இன்னொன்று. புலியைப் பார்த்துச் சிரித்தேன். ஆஸ்பத்திரிக் கதையைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. சலைன் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

9 ஆகஸ்ட், செவ்வாய், காலை

பிரதமர் இத்தாலியில் விடுமுறையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். லண்டனுக்கு இன்று 16,000 பொலிஸ். இன்றும் இவருக்கு இரவு வேலை.

9 ஆகஸ்ட், இரவு

லண்டன் இங்கே வந்துவிட்டது.

நான்கு மணிக்கு வேலை முடிந்து சல்போர்ட் பென்டில்ரனில் பஸ்ஸால் இறங்கும்போதே பிறிசிங்ட் கடைத்தொகுதிப் பக்கம் பெடியள் கூட்டம். முகத்தை மூடியவர்கள் கொஞ்சம். மூடாமல் வேடிக்கை பார்த்தவர்கள்தான் கூட. வயதான மனுசிகள் பையோடு நின்றார்கள். ஒருத்தன் தகப்பனின் தோளில் ஏறி இருந்து பார்த்தான், ஐந்து வயது இருக்கும். ஊர்த் திருவிழாச் சனம்போல நின்றார்கள், அதுதான் எனக்குக் கூடப் பயம் தந்தது.

பிறகு லிடில் சுப்பர்மார்க்கெற் எரிந்தது. யன்னலைப் பூட்டியும் பிளாஸ்ரிக் எரிகிற மணம் உள்ளே வந்தது. பிபிசி வானொலிக் கார் ஒன்றையும் கொளுத்திவிட்டார்கள். கொஞ்சத் தூரத்தில், துறைமுகப் பக்கம் பிபிசிக்குப் புது மாளிகை. லண்டனில் இருந்து ஆட்கள் இங்கே வர மாட்டோம் என்று முணுமுணுக்கிற கதையை இந்த வருடம் முழுக்கப் பத்திரிகையில் வாசித்தாகிவிட்டது. வடக்கு என்றால் மழையும் புறாவும் என்று அவர்களுக்கு ஒரு பகிடி.

மன்செஸ்டர் நடு நகரத்தில் மார்க்கெற் ஸ்ட்ரீற்றில் மிஸ் செல்ப்ரிட்ஜ் கடைக்கு நெருப்பு வைத்தார்கள். ஹெலிகொப்டர் தலைக்கு மேலேயே நிற்கிறது.

இவர் எக்கிள்ஸ் பக்கம் பெற்றோல் ஷெட்டில். பெற்றோல். நினைக்கவே கை நடுங்குகிறது. கதவைப் பூட்டி இரவு யன்னலால்தான் காசு வாங்குகிறார், கானில் பெற்றோல் கேட்டால் இல்லை என்று சொல்கிறாராம். வீட்டுக்கு வரச் சொன்னேன். "முதலாளி நிக்கச் சொல்லிப்போட்டார்" என்கிறார். முதலாளி எங்கே நிற்கிறார்? முதலாளி வீட்டில் நிற்கிறார். ஒரு கிழமைச் சம்பளத்துக்கு ஒரு மனுசனைப் பெற்றோலுக்கு நடுவில் தனியே இருத்திவிட்டு ரீவி பார்க்கிற ஆளை நான் மன்னிக்க மாட்டேன்.

லிவர்பூல்காரியிடம் இருந்து குறுஞ்செய்தி. அவளின் தாய் லிவர்பூல் ரொக்ஸ்டெத்தில், அப்பர் பார்லிமென்ற் ஸ்ட்ரீற்றுக்குக் கிட்ட. அங்கேயும் நேற்றிரவே தொடங்கிவிட்டது. 1981 யூலையில் அந்த வீதியில்தான் பிரித்தானியப் பெருநிலத்தில் முதல்தரம் சனத்தின்மேல் சி.எஸ். கண்ணீர்ப்புகை வாயு அடித்தார்கள். அவள் அப்போது சின்னப் பிள்ளை. தாய் ஈரத் துவாயைக் கதவடியில் வைத்தது ஞாபகமாம். இன்றைக்கும் தாய் துவாயை நனைத்து வைத்திருக்கிறா.

1.15. இவர் எடுத்தார்.

2.30. எடுத்தார். தேத்தண்ணி குடிக்கிறாராம்.

3 மணிக்குப் பிறகு எடுக்கவில்லை.

10 ஆகஸ்ட், புதன்

ஆறரைக்கு வந்து சேர்ந்தார். போனில் சார்ஜ் முடிந்துவிட்டதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

வழியில் தும்புத்தடியும் கறுப்புப் பையுமாய்ச் சனம் நகரத்துக்குள் போகிறது. மழை. மழைதான் இன்றைக்குப் பெரிய பொலிஸ்.

போர்ட்டர் ஐயா பத்தொன்பது சொல்லவில்லை. அவருடைய தமக்கை பிறிசிங்டில் பாண் வாங்குகிறவ. "எங்கட ஆக்கள்" என்றார் ஒருதரம். பிறகு, "எங்கட பொலிசை லண்டனுக்கு அனுப்பிப்போட்டு எங்களைப் பாக்க ஒருத்தரும் இல்லை." ஞாயிற்றுக்கிழமை லண்டன் என்று தள்ளிவிட்ட மனுசன். அவர் வழக்கமாய்ச் சொல்கிற ஒரு பகிடி உண்டு: கோட்டுச் சூட் போட்ட லிவர்பூல்காரனை என்னென்று கூப்பிடுவது? குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய பகிடி. இன்றைக்கு மன்செஸ்டர் கோர்ட்டில் சல்போர்ட் பெடியள் வரிசையில் நிற்கிறார்கள். லிவர்பூல்காரி நினைத்திருந்தால் அதைத் திருப்பி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மூன்று கரண்டி சீனி, அவர் குடிக்கிற மாதிரி.

நான் இந்த இருவரையும் பார்த்துத்தான் இந்த நாட்டைப் படித்தேன். பத்தொன்பது, ஐந்து, லிவர்பூல்காரர் காரில் வீல் கப் களவெடுப்பார்கள் என்கிற பகிடி, மன்செஸ்டர் மழை, லிவர்பூலைத் தவிர்த்துக் கப்பல் நேரே தன்னிடம் வர மன்செஸ்டர் வெட்டி 1894இல் திறந்த கால்வாய், எல்லாவற்றிலும் கடித்துக்கொள்வார்கள். மியூனிச் வாயில் வராது. ஹில்ஸ்பரோவும் வராது. 1958இல் விமானத்தில் செத்த யுனைரட் பெடியளையும் 1989இல் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் நெரிபட்டுச் செத்த 96 லிவர்பூல் ரசிகர்களையும் மைதானத்தில் பாட்டாய்ப் பாடுகிற சனம் இரண்டு பக்கமும் இருக்கிறது. இவர்கள் இருவரும் அந்தப் பக்கம் காலே வைப்பதில்லை. ஒருவரும் எழுதி வைக்காத வேலி. ஹில்ஸ்பரோ பற்றிப் பொய் எழுதிய பத்திரிகையை யாராவது நோயாளி ரீவி அறையில் விட்டுப் போனால் போர்ட்டர் ஐயாதான் முதலில் எடுத்துக் குப்பையில் போடுவார், அவள் காண முதல்.

லண்டன் மேயர் நேற்று கிளாப்பமில் தும்புத்தடியைத் தூக்கிப் பிடித்ததை மதியம் ரீவியில் காட்டினார்கள். கூட்டத்தில் பாதி கூச்சல் போட்டது. லிவர்பூல்காரி எழும்பிப் போய்விட்டாள். 2004இல் லிவர்பூல் சனம் துக்கத்தில் புரண்டு சுகம் காண்கிறது என்று தலையங்கம் போட்ட சஞ்சிகைக்கு ஆசிரியர் அவர்தான். கட்சித் தலைவர் மன்னிப்புக் கேட்க லிவர்பூலுக்கு அனுப்பினார். இதையும் பகிடி என்றுதான் அப்போது சிலர் சொன்னார்களாம். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற சொல் வேறு. இருநூறு மைல் தள்ளி மேசையில் இருந்து எழுதுவது வேறு. அதற்கு ஐந்து விரலை விரித்துக் காட்ட முடியாது.

இரவு. பேர்மிங்காம் வின்சன் கிறீனில் கடைகளைக் காவல் காத்து நின்ற மூன்று பேரைக் கார் மோதிக் கொன்றுவிட்டது. 21 வயது மகனை இழந்த தாரிக் ஜஹான் தெருவில் நின்று பேசுகிறார். நான் மகனை இழந்துவிட்டேன், உங்கள் பிள்ளைகளையும் இழக்க விருப்பமென்றால் முன்னுக்கு வாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள் என்கிறார். மகனுக்கு முதலுதவி செய்த மனுசன். இவரும் நானும் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி இருந்தோம்.

11 ஆகஸ்ட், வியாழன்

இவருக்கு இன்று லீவு. தூங்கினேன்.

12 ஆகஸ்ட், வெள்ளி

எட்ஜ்பாஸ்டன் கிரிக்கெற்றில் இங்கிலாந்தின் குக் 294. இந்தியாவின் சேவாக் புதன்கிழமை முதல் பந்தில் போனார். இன்றும் முதல் பந்தில். இன்று பந்து போட்டு வீழ்த்தியவர் அண்டர்சன், எங்கள் பக்கத்துப் பேர்ன்லிக்காரர் என்று போர்ட்டர் ஐயா என் காதுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வரட்டும், சொல்லட்டும். மனுசன் திரும்பி வருகிறார்.

காலை லிவர்பூல்காரி உள்ளே வந்ததும் மேலங்கியைக் கழற்ற முதல் அவருக்கு முன்னால் போய் ஐந்து விரலை விரித்தாள். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு "பத்தொன்பது" என்றார், அடைத்த தொண்டையோடு. கட்டில் மூன்றில் இருந்த சிற்றிக்காரக் கிழவர் இரண்டு பேரையும் வாயைப் பொத்தச் சொன்னார்.

தம்பி கடை திறந்துவிட்டான். ஹக்னிக் கடைக்கு அயலட்டை சேர்ந்து காசு சேர்க்கிறதாம். காப்புறுதி இல்லாத கடை.

13 ஆகஸ்ட், சனி

இந்தியா இன்னிங்ஸாலும் 242 ஓட்டத்தாலும் தோற்றது. இவர் கதைக்கிறார் இல்லை.

16 ஆகஸ்ட், செவ்வாய்

நாலு வருடம்.

செஸ்டர் கோர்ட்டில் இரண்டு பெடியளுக்கு இன்று தலா நாலு வருடம். ஒருத்தன் நோர்த்விச், மற்றவன் வொறிங்ரன். கலவரம் செய்ய வாங்கோ என்று பேஸ்புக்கில் பக்கம் திறந்தார்கள். ஒருவரும் வரவில்லை. நோர்த்விச்காரன் குறித்த இடத்துக்குப் போனபோது பொலிஸ்தான் நின்றது. வொறிங்ரன்காரன் வெறியில் எழுதிவிட்டு, விடிந்ததும் அழித்துவிட்டு, பகிடி என்று எழுதினானாம்.

எனக்கு இதில் மனம் இரண்டாய் நிற்கிறது. 9ஆம் திகதி இரவு மூன்று மணிக்கு நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது யாராவது "எக்கிள்ஸ் பெற்றோல் ஷெட்டுக்குப் போவம்" என்று பகிடியாய் எழுதியிருந்தால்? நான் அவனை நாலு வருடம் அல்ல, நாற்பது வருடம் போடச் சொல்லியிருப்பேன். பயந்திருக்கிற ஊரில் அது பகிடி இல்லை. ஆனால் நாலு வருடம்! கண்ணாடி உடைத்துக் களவெடுத்தவர்கள் பலருக்கு மாதக் கணக்கில்தான். லண்டனில் மூன்றரைப் பவுண் தண்ணீர்ப் போத்தல்கள் எடுத்த மாணவனுக்கு ஆறு மாதம். போன கிழமை மன்செஸ்டரில் இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு ஐந்து மாதம். கலவர நேரம் வீட்டில் நித்திரையாம், கூட இருந்தவ களவெடுத்துக் கொண்டுவந்த காற்சட்டை ஒன்றை வாங்கி வைத்தது குற்றம். அதை எங்கள் பொலிஸ் ருவிற்றரில் போட்டுக் கொண்டாடிவிட்டுப் பிறகு எடுத்தது. ஒரு தாய் மறியலுக்குப் போவதைக் கொண்டாடுகிறதா பொலிசின் வேலை? இரண்டு பிள்ளையும் அன்றிரவு எங்கே படுத்தன?

போர்ட்டர் ஐயா நாலு வருடம் சரி என்கிறார். லிவர்பூல்காரி கூடாது என்கிறாள். சத்தம் போட்டார்கள். வொறிங்ரன் இரண்டு ஊருக்கும் நடுவில். "உங்கட பெடியன்" என்கிறார் அவர், "உங்கட பெடியன்" என்கிறாள் அவள்.

19 ஆகஸ்ட், வெள்ளி

அந்தத் தாயை விட்டுவிட்டார்கள். மேன்முறையீட்டில் 75 மணித்தியாலச் சமூக வேலை. நல்லது. நல்லது. நல்லது.

முதலாளி இவருக்கு அடுத்த கிழமையும் இரவுதான் போட்டிருக்கிறார். நானே போன் எடுத்துக் கதைத்தேன். இவருக்குக் கோபம்.

22 ஆகஸ்ட், திங்கள்

இன்றிரவு ஓல்ட் ட்ராபர்டில் யுனைரட்டும் ரொட்டன்ஹாமும். ரொட்டன்ஹாமின் முதல் ஆட்டம் கலவரத்தால் தள்ளிப்போனதால் லீக்கில் அவர்களுக்கு இதுதான் முதல். போர்ட்டர் ஐயாவிடம் ரிக்கற் இருக்கிறது.

வந்த சனத்துக்கு நேரே கடை எரிந்ததையும் களவையும் வைத்துப் பாட்டுக் கட்டப்போகிறார்கள் என்று வார்ட்டில் பெடியள் சொன்னார்கள். "நீங்களும் பாடுவீங்களோ?" என்று கேட்டேன்.

"களவைப் பாடுவம்" என்றார். "எங்களிட்டையும் களவு நடந்தது, அவங்களும் திருப்பிப் பாடுவாங்கள். சரிக்குச் சரி."

"சூடுபட்டுச் செத்தவரை?"

மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த லிவர்பூல்காரி நின்றுவிட்டாள். அவளும் பதிலுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அதை ஒருத்தன் தொடங்கினால் நான் எழும்பி வெளியில வந்திடுவன்" என்றார்.

இவர் ஏழு மணிக்கு வேலைக்கு. ஆட்டம் விட்டு வருகிற கார்களெல்லாம் பெற்றோலுக்கு வரும்.