செம்மர வழக்குகளும் உரிமையின் எல்லையும்

ஆந்திராவின் சித்தூர் கோர்ட்டில் சட்ட உதவி வக்கீலாகச் செம்மர வழக்குகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகு ஒன்று தெளிவாயிற்று. மனித உரிமை பற்றிப் பேசுகிறவர்களில் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னின்ன உரிமைகள் உண்டு என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அவற்றை யார், எப்போது, எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று அதே சட்டத்தில் அடுத்த பத்தியில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. என் வேலை முழுக்க அந்த அடுத்த பத்தியில்தான் நடக்கிறது.

எங்கள் வீடு நகரி பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அதனால் சட்ட உதவியில் தமிழ் பேசும் கைதி யாராவது வந்தால் வழக்குக் கட்டு நேராக என் மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை ஆட்கள். எஸ்டேட் வேலை, மிளகு பறிக்கிற வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு மேஸ்திரி கொடுத்த முன்பணத்தோடு கிளம்பியவர்கள். மரத்தை வெட்டச் சொன்னவனும் வாங்கினவனும் அநேகமாக எந்தக் கட்டிலும் இருக்க மாட்டார்கள்.

செம்மரம் வெட்டுவது குற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை என்று இந்தச் சுற்றுவட்ட மலைகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. காட்டைக் காப்பாற்ற உள்ளே போகாதே என்று அரசு தடுத்தால் அது நியாயமான தடைதான். ஐ.நா. பொதுச்சபை 1966இல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு நடமாடும் உரிமையைக் கொடுத்த கையோடு, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறர் உரிமை போன்ற காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. ஆனால் சும்மா முடியாது. தடை சட்டத்தில் இருக்க வேண்டும், தேவையானதாக இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மீறிப் போகக் கூடாது. ஏன் தடுத்தேன் என்று காட்ட வேண்டியது தடுத்தவர் பொறுப்பு. ஆந்திர-தமிழ்நாடு எல்லைப் பக்கம் நடைமுறையில் இது தலைகீழாக இருக்கிறது, ஏன் வந்தாய் என்று பிடிபட்டவன்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்களின் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்பார்கள், பதில் தமிழில் வந்தால் கீழே இறங்கச் சொல்வார்கள். கோடாலி இல்லை, கட்டை இல்லை, காடு எங்கோ இருக்கிறது. திருப்பதிக்கு மொட்டை போட வந்தவரும் அந்த வரிசையில் நின்றிருக்கிறார். அந்த உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, ஒரு தேசத்தின் உயிருக்கே ஆபத்தான நெருக்கடியில் அரசு சில உரிமைகளை நிறுத்திவைக்கலாம் என்கிறது. அப்போதும் இனம், நிறம், பாலினம், மொழி, மதம், சமூகப் பிறப்பு இவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நாட்டுக்கே நெருக்கடி வந்த நாளிலும் செய்யக் கூடாததைச் சாதாரண நாளில் ஒரு சோதனைச் சாவடியில் செய்வதை நான் எப்படி ஏற்க முடியும்?

இதைவிடக் கனமான விஷயம் பி.டி. ஆக்ட், அதாவது ஆந்திராவின் 1986ஆம் ஆண்டு தடுப்புக் காவல் சட்டம். செம்மர வழக்குகளில் இதையும் போடுகிறார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, இனிமேல் செய்துவிடுவான் என்ற கணிப்பில் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். மலையிலிருந்து கணவனைத் தேடி வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "குத்தம் பண்ணியிருந்தா கோர்ட்டுல தண்டனை குடுக்கட்டும் சார். பெயில் கெடச்ச அன்னைக்கே மறுபடி புடிச்சிக்கிட்டா எப்படி?"

அவர் கொண்டுவந்த ஆணையைப் பிரித்துப் பார்த்தேன். கலெக்டர் ஆணை, காரணங்கள், எஃப்.ஐ.ஆர். நகல்கள், பஞ்சநாமா என்கிற சாட்சிகள் முன் எழுதிய பறிமுதல் குறிப்பு, எல்லாம் தெலுங்கு. கடைசிப் பக்கத்தில் 'படித்துக் காட்டினார்கள், புரிந்துகொண்டேன்' என்று தெலுங்கில் ஒரு வரி. அதற்குக் கீழே அந்த அம்மாவின் கணவருடைய கையெழுத்து, தமிழில், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் போட்டது. மேலே இருக்கிற வரியைப் படிக்கத் தெரியாத மனிதர் புரிந்துகொண்டேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். நம் அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு, காவலுக்கான காரணத்தைச் சொல்லி, மறுப்பு மனு கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. காவலில் இருப்பவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்காவிட்டால் அது கொடுத்ததே ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 1962லேயே ஹரிகிசன் வழக்கில் சொல்லிவிட்டது. அப்புறம் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டபோது எங்கள் கையில் இருந்த வலுவான வாதம் அந்தக் கடைசிப் பக்கம்தான்.

இங்கே சர்வதேசச் சட்டம் கைகொடுக்காதா என்று இளம் வக்கீல்கள் கேட்பதுண்டு. கொஞ்சம்தான். இந்தியா 1979 ஏப்ரலில் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோதே, கைது பற்றிய 9ஆம் பிரிவை நம் அரசியல் சட்டத்தின் தடுப்புக் காவல் விதிகளுக்கு உட்பட்டுத்தான் ஏற்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. சட்டவிரோதக் கைதுக்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமையும் இங்கே கிடையாது என்றது. அந்த இரண்டாவது பகுதி இப்போது பொருளற்றுப் போய்விட்டது என்று 1996இல் சுப்ரீம் கோர்ட்டின் டி.கே. பாசு தீர்ப்பு சொன்னது. முதல் பகுதி அப்படியே நிற்கிறது. அமைதிக் காலத்திலும் விசாரணை இல்லாத காவல் என்பதை நாம் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டது எனக்கு ஆறாத வருத்தம்.

எந்தக் காரணத்துக்கும் வளையாதவை என்று சில உண்டு. தன்னிச்சையாக உயிரைப் பறிக்கக் கூடாது, சித்திரவதை கூடாது, அடிமைப்படுத்தக் கூடாது. நெருக்கடி நிலையிலும் இவற்றை நிறுத்த முடியாது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் செத்தார்கள், எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். தற்காப்பு என்றது காவல்துறை. காவல்துறை சுடுவது பற்றி 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. நெறிகள் தெளிவாக இருக்கின்றன: உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரைக் குறிவைத்துச் சுடலாம். மரம் எவ்வளவு விலை போனாலும் அந்தக் கணக்கில் வராது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் உறுதிப்படுத்தவில்லை. ஸ்டேஷனில் அடி வாங்கியதைச் சொல்லிவிட்டு, இதை எழுத வேண்டாம் சார் என்று கெஞ்சுகிறவர்கள் முன்னால் உட்காரும்போது கையெழுத்துக்கும் உறுதிப்படுத்தலுக்கும் உள்ள வித்தியாசம் உறைக்கிறது.

கைதிகளின் வீட்டாரிடம் நான் சொல்வது இதுதான். காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, கேளுங்கள். பி.டி. ஆக்ட் என்றால் கொடுத்த காகிதம் ஒன்றையும் தொலைக்காதீர்கள், கவர் உட்பட. மறுப்பு மனுவைத் தமிழிலேயே எழுதி ஜெயில் சூப்பிரண்டிடம் கொடுங்கள், அதை அரசுக்கு அனுப்ப வேண்டியது அவர் வேலை. நகலில் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் அரசு மனுவைக் கிடப்பில் போட்டிருந்தால், ஹைகோர்ட்டில் அதுவும் ஆணையை உடைக்கிற காரணம்தான்.